பெட்டிக்கும் ஒரு டிக்கெட்

தம்பி, தம்பி, பெட்டியைத் தொடாதீங்க! நகர்த்தி வெச்சுட்டு உக்காரலாம்னு பார்க்கறீங்க, தெரியுது. அது சாமான் இல்ல தம்பி, அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். திருச்சியிலேருந்து கும்பகோணத்துக்கு ஒரு முழு டிக்கெட். இதோ பாருங்க, ரெண்டு சீட்டு கிழிச்சுக் கொடுத்திருக்காரு. கண்டக்டர் சிரிச்சாரு. சிரிக்கட்டும். நீங்க இந்த ஓரத்துல உக்காருங்க, மூணு பேர் சீட்டுதானே. ஜன்னலோரம் அது, நடுவுல நான், இந்தப் பக்கம் நீங்க. தஞ்சாவூர் ஊருக்குள்ளதான் புழுங்கும், அய்யம்பேட்டை தாண்டினா காத்து நல்லா வரும்.

உள்ள என்னன்னு கேக்கறீங்களா? கம்ப்யூட்டர். டிவி மாதிரி இருக்குமே, அது இல்ல. அதுக்குக் கீழ நிக்குமே ஒரு டப்பா, அது. மேல சுத்தியிருக்கிறது எங்க வீட்டுப் போர்வைதான். திருச்சியில ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். அங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, அழிஞ்சு போன போட்டோவையெல்லாம் மீட்டுக் கொடுக்குது. முதல் நாள் இதைத் தூக்கிட்டுப் போனதும் அந்தப் பொண்ணு சொல்லிச்சு, "உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டிக் கொண்டாந்திருந்தாப் போதுமே சார்." எப்படி இருக்கு பாருங்க. புள்ளைக்கு வயித்து வலின்னா வயித்தை மட்டுமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்?

என் பேர் புண்ணியமூர்த்தி. அரசாங்க உத்தியோகம், ரிட்டையர்டு. முப்பத்தொரு வருஷம் பதிவறையில இருந்தேன். பதிவறைன்னா தெரியுமா? பழைய ஃபைல் எல்லாம் கட்டிப் போட்டிருக்கிற ரூம். அங்க ஒரு விதி உண்டு. ஒரே கடுதாசி ரெண்டு இருந்தா முதல்ல வந்ததை வெச்சுக்கணும், ரெண்டாவதைக் கழிக்கணும். கழிச்சதைப் பதிவேட்டுல எழுதணும், கையெழுத்துப் போடணும், அன்னைக்கே எரிச்சுடணும். ரூமுக்குள்ள வெச்சிருக்கக் கூடாது. என் பதிவறையில ஒரு நகல் கிடையாது தம்பி. மேலதிகாரி வந்து பார்த்துட்டு, "மூர்த்தி, உன் ரூம்ல மூச்சு விட முடியுது"ன்னாரு. அது எனக்குக் கொடுத்த மெடல்.

இதை ஏன் சொல்றேன்னா, நான் அஜாக்கிரதையான ஆள் இல்லைங்கிறதுக்காக. என் வீட்ல என்னைப் பத்தி இப்ப என்ன பேசிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. பத்தொன்பது நாளா என் பொண்ணு என்கிட்ட பேசல. ஒரே வீட்டுக்குள்ள. "அம்மா, அப்பாகிட்ட சொல்லும்மா, மொட்டைமாடியில அவர் வேட்டி நனையுது"ன்னு சொல்றா. நான் அங்கேயே, அவளுக்கு ரெண்டடி தள்ளி நிக்கறேன். நான் என்ன பண்ணேன்? நகல் கழிச்சேன். விதிப்படி.

இருங்க, முதல்லேருந்து சொல்றேன். எனக்கு ரெட்டைப் பொண்ணுங்க. மூத்தவ சாருமதி, இளையவ வசுமதி. மூத்தவன்னா ரொம்ப இல்ல, ஆறு நிமிஷம். ரெண்டு பேரும் அச்சு அசல் ஒரே மாதிரி. அவங்க அம்மா தவமணிக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும். எனக்கா? எனக்கும் தெரியும். "சாரு"ன்னு கூப்பிடுவேன், வர்றது சாரு. சில சமயம் வசு வந்து நிப்பா. "நான் வசுப்பா"ம்பா. "சரி, நீ வந்துட்டேல்ல, அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு வா"ம்பேன். அவ்வளவுதான். நான் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் பார்த்ததே கிடையாது தம்பி. வித்தியாசம் தெரிஞ்சாத்தானே பார்க்கிறதுக்கு!

புள்ளைங்களுக்கு அஞ்சு வயசு இருக்கிறப்ப மச்சினன் சிங்கப்பூர்லேருந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டாந்தான். ஃபிலிம் கிடையாது, கழுவ வேண்டாம். எடுத்துத் தள்ளினேன். வீட்ல ஒரு பிரம்பு நாற்காலி இருக்கு. பொறந்தநாள், பொங்கல், தீபாவளி, ஸ்கூல் டான்ஸ், எதுக்குப் புதுத்துணி போட்டாலும் அந்த நாற்காலியில வெச்சு ஒரு போட்டோ. ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்க தவமணி விடமாட்டா. ரெட்டைப் புள்ளைங்களைச் சேர்த்துப் படம் எடுத்தா கண்ணு பட்டுரும்பா. அதனால முதல்ல சாருவை உக்கார வெச்சு ஒண்ணு. அவ எந்திரிச்சதும் வசுவை உக்கார வெச்சு ஒண்ணு. ஒரே துணியில தெச்ச பாவாடை, ஒரே நாற்காலி, பின்னாடி ஒரே காலண்டர். ஏன் முதல்ல சாருவா? மூத்தவ தம்பி! முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

அவ்வளவையும் கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சேன். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மாசத்துக்கு ஒண்ணு. பத்தொன்பதாயிரம் போட்டோ. நீங்க சிரிச்சாலும் சரி, என்னை மாதிரி அடுக்கி வெச்சவன் கும்பகோணத்துல இல்ல. நீங்க எப்படி வெச்சிருக்கீங்க? எல்லாம் ஃபோன்லயா? சாப்பாடும் சாமியும் குழந்தையும் ரசீதும் எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்குமே! நல்லா இருங்க.

இன்னொண்ணும் கேளுங்க. பேக்கப். அதுவும் உண்டு என்கிட்ட. மச்சினன் அடுத்த தடவை வந்தப்ப வெளியில மாட்டுற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கொடுத்து, ஒரு ஏற்பாடு பண்ணிக் கொடுத்துட்டுப் போனான். வாரம் ஒரு தடவை அதை மாட்டினாப் போதும், கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அப்படியே அதுலயும் வந்துரும். நான் வெள்ளிக்கிழமை தவறினதே இல்ல. தவமணி விளக்கேத்துவா, நான் பேக்கப் எடுப்பேன். ரெண்டும் ஒரே நேரம்.

போன வருஷம் சாருவுக்குக் கல்யாணம் ஆச்சு. பிரமாதமான கல்யாணம் தம்பி. நாலு கேமரா, மேல பறக்கிற கேமரா ஒண்ணு. மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் வெச்சு, பொண்ணோட சின்ன வயசு போட்டோவா ஓட்டினோம். நாற்காலியில உக்காந்திருக்கிற சாரு, அஞ்சு வயசு, ஆறு வயசு, ஏழு வயசுன்னு வளர்ந்துகிட்டே வர்றா. சம்பந்தி அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அந்தக் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டர்ல ஏத்தலாம்னு பார்த்தா இடம் இல்லைன்னு சொல்லிருச்சு.

இடம் இல்லைன்னா என்ன பண்ணணும்? கழிக்கணும். எனக்கா சொல்லிக் கொடுக்கணும்? ரிட்டையர் ஆகி சும்மா இருக்கேன், கை துறுதுறுங்குது. காலையில காப்பி குடிச்சுட்டு உக்காந்தா மதியம் சாப்பாட்டுக்குத்தான் எந்திரிப்பேன். ரெண்டு மாசம். ஒவ்வொரு ஃபோல்டரா திறந்தேன். பார்த்தா, அநியாயத்துக்கு நகல்! நாற்காலியில ஒரு பாப்பா, அடுத்த படத்துலயும் நாற்காலியில அதே பாப்பா. அதே பாவாடை, அதே காலண்டர். ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு? முதல்ல இருக்கிறதை வெச்சுக்கிட்டேன், ரெண்டாவதைக் கழிச்சேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதியும் வெச்சேன். "கழிவுப் பதிவேடு"ன்னு அட்டையில தலைப்பு. வரிசை எண், படத்தோட நம்பர், காரணம். காரணம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், "நகல்". பக்கத்துக்குப் பக்கம் கீழ என் கையெழுத்து. மொத்தம் மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. அப்புறம் அந்த ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினேன். கழிச்சதை ரூமுக்குள்ள வெச்சிருக்கக் கூடாதுல்ல.

இடம் கிடைச்சுது. சாரு கல்யாண வீடியோவை ஏத்தினேன். வெள்ளிக்கிழமை வழக்கம் போல பேக்கப் எடுத்தேன். மூச்சு விட முடிஞ்சுது.

இப்ப வசுவுக்குக் கல்யாணம். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. மண்டபத்துல ஸ்கிரீன் ஓட்டுற ஆள் வந்து, பொண்ணோட சின்ன வயசு போட்டோ ஒரு நூறு கொடுங்கன்னான். வசுவே போய் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. ஒரு வருஷத்தைத் திறந்தா. மூடினா. அடுத்த வருஷத்தைத் திறந்தா. நான் ஊஞ்சல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். அப்புறம் கேட்டா, "அப்பா, இதுல நான் எங்க?"

நானும் போய்ப் பார்த்தேன். அப்பத்தான் எனக்கே உறைச்சுது. எல்லாம் சாரு. முதல்ல எடுத்தது சாரு, ரெண்டாவது எடுத்தது வசு. விதிப்படி கழிச்சதுல வசு மொத்தமா போயிட்டா. அங்க இங்க கோயில்ல, பீச்சுல எடுத்ததுல இருக்கா, இல்லைன்னு சொல்லல. ஓரத்துல பாதித் தோள், பாதிப் பின்னல். ஒரு ஆளை நடுவுல வெச்சாத்தானே தம்பி போட்டோ, பக்கத்துல நிக்கிறவ கொஞ்சம் வெட்டுப்படத்தான் செய்யும்.

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. ஆனா காட்டிக்கல. பதிவறையில ஃபைல் காணோம்னு அதிகாரி நிக்கிறப்ப முகத்தை எப்படி வெச்சுக்கணும்னு எனக்குத் தெரியும். சட்டுனு ஒரு யோசனை வந்துச்சு. நல்ல யோசனை, நீங்களே சொல்லுங்க. "இதுக்கு ஏம்மா மூஞ்சியைத் தூக்கிக்கிறே? சாரு போட்டோவையே போட்டு ஓட்டுவோம். நீயும் அவளும் ஒரே மாதிரிதானே, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவா போகுது?"ன்னேன்.

அவ கத்தல. கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. மெதுவா, "அப்ப மணவறையிலயும் சாருவையே உக்கார வைங்கப்பா, யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. போற வழியில மேஜை மேல இருந்த நோட்டையும் எடுத்துட்டுப் போனா. பதிவேட்டை. நகல், நகல், நகல்னு மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு வரி. கதவைச் சாத்திக்கிட்டு முழுக்கப் படிச்சிருக்கா. தவமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை விட்ருங்க.

அன்னையிலேருந்துதான் பேச்சு இல்ல. ஸ்கிரீன் வேண்டாம்னு ஆளை அனுப்பிட்டா. தவமணிகிட்ட மட்டும் சொல்லியிருக்கா, "எனக்குக் கல்யாணமாகிப் போறப்ப இந்த வீட்ல நான் இருந்ததுக்கு ஒரு அத்தாட்சியும் இல்லம்மா." ஒரு பதிவறைக்காரன் வீட்ல இப்படி ஒரு வார்த்தை! எனக்குச் சோறு இறங்கல தம்பி. நிஜமாத்தான் சொல்றேன்.

பாபநாசமா இது? இன்னும் அரை மணி நேரம். நீங்க எங்க இறங்கணும்? கும்பகோணமேவா, நல்லதாப் போச்சு.

பேக்கப் இருந்துச்சேன்னு கேக்கப் போறீங்க. அதைத்தான் நானும் ஓடிப் போய் மாட்டிப் பார்த்தேன். அதுலயும் சாரு மட்டும்தான். மச்சினனுக்கு ஃபோன் போட்டேன். அவன் சொல்றான், "கம்ப்யூட்டர்ல இருக்கிறது அப்படியே இதுல இருக்கும்னா, அதுல இல்லாதது இதுலயும் இருக்காதுன்னுதான் அர்த்தம் மாமா." கழிச்சப்புறம் நீங்க வெள்ளிக்கிழமையையே மறந்திருந்தா வசு தப்பிச்சிருப்பாங்கறான். ஒழுங்கா இருந்ததுக்கு எனக்குக் கிடைச்ச பரிசு, பாருங்க.

அப்புறம்தான் விசாரிச்சு இந்தத் திருச்சிப் பொண்ணு ஜெசிந்தாகிட்ட வந்தேன். நல்ல பொண்ணு, பொறுமைசாலி. எனக்குப் புரியற மாதிரி சொல்லிச்சு. "அழிச்சா உடனே அழிஞ்சு போறதில்ல சார். இந்த இடம் காலின்னு கம்ப்யூட்டர் எழுதி வெச்சுக்குது, அவ்வளவுதான். வேற எதையாவது அங்க கொண்டு வந்து வைக்கிற வரைக்கும் பழசு அங்கேயேதான் இருக்கும். அழிச்சப்புறம் எதையாவது ஏத்தினீங்களா?" ஏத்தினேனே, சாரு கல்யாண வீடியோன்னேன். "அதுக்கப்புறம் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?" தினமும்னேன். எதுக்கு? சாரு கல்யாண வீடியோ பார்க்கத்தான்.

அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்துச்சு. "சார், அப்படின்னா சாரு கல்யாணம் வசு மேல உக்காந்திருக்கு"ன்னுச்சு. கம்ப்யூட்டர் விஷயமாத்தான் சொல்லிச்சு. எனக்கு என்னமோ சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னு தெரியல.

நல்லவேளை, வெளி டிஸ்க் பெருசு. அதுல காலி இடம் நிறைய இருந்ததால வீடியோ எல்லாத்தையும் மூடல. ரெண்டையும் வெச்சுட்டுப் போங்க, ஆறு நாள் கழிச்சு வாங்கன்னுச்சு. வீட்ல பார்த்தா பந்தக்கால் நடணும், பத்திரிகை வைக்கணும், ஆயிரம் வேலை. நான் ஆறு நாளும் அந்தக் காலி மேஜையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கம்ப்யூட்டர் இருந்த இடத்துல தூசி சதுரமா படிஞ்சிருந்துச்சு. தொடைக்கவும் மனசு வரல.

இன்னைக்குக் காலையில போனேன். முழுசா கிடைச்சது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். இன்னொரு முந்நூறு பாதிப் பாதி. தலை இருக்கும், பாவாடை இருக்காது, கீழ வெறும் சாம்பல் கலர். மத்ததெல்லாம் போச்சு, வீடியோக்கு அடியில. இருந்தாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் தம்பி! நான் அந்தக் கடையிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனா ஒரு சிக்கல். மீண்டு வந்த படத்துக்குப் பழைய நம்பர் கிடையாது. என் பதிவேடு ஒண்ணுக்கும் உதவல. அதோட, கை ஆடி மங்கிப்போச்சுன்னு நான் எப்பவோ கழிச்ச சாரு படங்களும் கூடவே கிளம்பி வந்துருச்சு. எல்லாம் ஒரே குவியல். ஜெசிந்தா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, "கல்யாணத்துக்கு வேணும்னீங்களே சார், வசு யாருன்னு சொல்லுங்க, தனியா எடுத்துடலாம்"ன்னுச்சு.

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். நாற்காலியில ஒரு பாப்பா. அடுத்ததுலயும் நாற்காலியில ஒரு பாப்பா. கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். தூக்கி வளர்த்த பொண்ணுங்க தம்பி. காய்ச்சல்ல தோள்ல போட்டுக்கிட்டு நடந்திருக்கேன். எது எதுன்னு சொல்லத் தெரியல. அந்தப் பொண்ணு வேற, பாவம், எனக்கு வெக்கமா இருக்குமேன்னு எங்கேயோ பார்க்கிற மாதிரி திரும்பிக்கிச்சு.

வேற வழியில்லாம சாருவுக்கு வீடியோ கால் போட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு அவ ஒரு வாரமா நம்ம வீட்லதான் இருக்கா. ஃபோனை ஸ்கிரீனுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, "சாரும்மா, நீ எது, வசு எது, கொஞ்சம் சொல்லு"ன்னேன். அவ ஒரு நொடி கூட யோசிக்கல.

"இது உங்களுக்குத் தெரியாதாப்பா? கேமராவைப் பார்க்கிறவ நான். உங்களைப் பார்க்கிறவ வசு."

எனக்குப் புரியல. பார்த்தேன். ஆமா தம்பி. ஒருத்தி நேரா லென்ஸைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. இன்னொருத்தி கண்ணு கொஞ்சம் மேல போகுது. கேமராவுக்கு மேல. அங்க என் முகம்தானே இருக்கும்? அடுத்த படம், மேல. அதுக்கு அடுத்தது, மேல. அஞ்சு வயசுல மேல, ஒன்பது வயசுல மேல, பன்னெண்டு வயசுல தாவணி போட்டுக்கிட்டு அப்பவும் மேல. அந்தப் பாதி அழிஞ்ச படத்துல பாவாடை இல்ல, நாற்காலி இல்ல, ரெண்டு கண்ணு மட்டும் மிச்சம் இருக்கு, அதுவும் என்னைத்தான் பார்க்குது.

ஒரு படத்துக்குக்கூட கேமராவைப் பார்க்கத் தெரியலையே இந்தப் பொண்ணுக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரல. அழுதுட்டேன் தம்பி, கடையில, நாலு பேர் பார்க்க. ஜெசிந்தா தண்ணி கொண்டாந்து கொடுத்துச்சு.

அதுக்கப்புறம் தடையே இல்ல. ரெண்டு மணி நேரத்துல அத்தனையையும் பிரிச்சுட்டேன். மேல பார்க்குதா, வசு. நேரா பார்க்குதா, சாரு. அந்தப் பொண்ணுக்கே ஆச்சரியம். அதோட விட்டேனா? சாரு ஃபோல்டரையும் திறங்கம்மான்னேன். கழிக்காம வெச்சிருந்தேனே, அதை. பார்த்தா அதுக்குள்ளயும் நூத்திப் பத்து இடத்துல வசு உக்காந்திருக்கா! சாருகிட்ட கேட்டா சிரிக்கிறா. சில நாள் இவ தலை பின்னிக்கிட்டு இருக்கிறப்ப அவ ஓடி வந்து முதல்ல நாற்காலியில உக்காந்துடுவாளாம். நான் கவனிக்கவே இல்லையாம். சாரு கல்யாணத்துல ஸ்கிரீன்ல ஓட்டினோமே, அதுலயே ஏழோ எட்டோ வசுவாம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு வாயைத் திறக்கலையே, கள்ளிங்க. அன்னைக்கு "நான் எங்க"ன்னு வசு கேட்டதுகூட, அதுல அவளை நான் கண்டுபிடிக்கறேனான்னு பார்க்கத்தான் போல.

இதைப் பாருங்க. பர்ஸ்ல பத்தொன்பது வருஷமா வெச்சிருக்கேன். ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஆறு வயசு. சாருன்னு நினைச்சு வெச்சிருந்தேன். ஆபீஸ்ல யார் கேட்டாலும் "என் மூத்த பொண்ணு"ன்னு காட்டுவேன். அவ்வளவு படத்துல இதை மட்டும் ஏன் எடுத்து வெச்சேன் தெரியுமா? மத்ததுல எல்லாம் புள்ள கேமராவைப் பார்க்குது, இது ஒண்ணுலதான் என்னையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு.

கொடுங்க, மடங்கிடப் போகுது.

சுவாமிமலைப் பாதை பிரியுது பாருங்க, வந்துட்டோம். ஜெசிந்தா ஒரு பாடம் சொல்லி அனுப்பிச்சிருக்கு, நீங்களும் கேட்டுக்குங்க. மூணு இடத்துல இருக்கணுமாம். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, தனி டிஸ்க்ல ஒண்ணு, வேற ஒரு வீட்ல ஒண்ணு. இங்க அழிச்சா அங்கயும் அழியற மாதிரி வெச்சுக்கவே கூடாதாம். ரெண்டையும் ஒரே பஸ்ல தூக்கிட்டுப் போகாதீங்கன்னுச்சு. பஸ் கவுந்தா? பயப்படாதீங்க, பேச்சுக்குச் சொல்றேன். அதனால இது பஸ்ல வருது, டிஸ்க் கூரியர்ல வருது. மூணாவதா புதுசா ஒண்ணு வாங்கி அதையும் அந்தக் கூரியர்லயே போட்டாச்சு. அதை வசுவோட சீர்த்தட்டுல வைக்கப் போறேன். பழம், வெத்தலை பாக்கு, பட்டுப்புடவை, பக்கத்துல ஹார்ட் டிஸ்க். சம்பந்தி வீட்ல என்ன வேணா நினைச்சுக்கட்டும். இந்த வீட்ல இருந்தாங்கிறதுக்கு அத்தாட்சி கேட்டாளே, கையிலேயே கொண்டு போகட்டும்.

எல்லாம் சரி, இப்பத்தான் எனக்கு ஒரு பரீட்சை இருக்கு. தவமணிக்கு ஃபோன் போட்டு, ஆறு மணிக்கு வந்துருவேன், பெட்டி கனம், யாரையாவது ஸ்கூட்டர் எடுத்துட்டு ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுன்னேன். "ஒருத்தி வருவா"ன்னா. எந்தப் பொண்ணுன்னு கேட்டேன். "வந்தப்புறம் நீங்களே பார்த்துக்குங்க"ன்னு வெச்சுட்டா. வேணும்னேதான் பண்றா. இன்னைக்கு மட்டும் நான் பேரை மாத்திக் கூப்பிட்டேன்னு வைங்க, இந்தப் பெட்டியும் வேண்டாம், ஸ்கிரீனும் வேண்டாம், கன்னிகாதானத்துக்குக்கூட அம்மா வழியாத்தான் பேசுவா. தாலி இருக்கே, சாருவை அதை வெச்சுக் கண்டுபிடிக்கலாமேன்னு நினைக்கறீங்க. அவ துப்பட்டாவுக்குள்ள விட்டுக்குவா தம்பி. அதே உயரம், அதே முடி. இவ சுடிதாரை அவ போடுவா, அவ சுடிதாரை இவ போடுவா. முன்னாடின்னா "சாரு"ன்னு கூப்பிட்டுப் பார்ப்பேன். இன்னைக்கு அது நடக்காது.

தாராசுரம் தாண்டிட்டோம். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, நான் வெளியில பார்க்கணும்.

ஸ்டாண்டு வந்துருச்சு. நம்ம ஸ்கூட்டர் எங்க? பச்சைக் கலர்... அந்தா, பழக்கடைக்குப் பக்கத்துல. மஞ்சச் சுடிதார். ரெண்டு பேர்கிட்டயும் இருக்கே தம்பி மஞ்சச் சுடிதார்! திரும்ப மாட்டேங்கறா. பஸ் நம்பரைப் படிக்கறா. இப்ப ஜன்னல் ஜன்னலா தேடறா. பெட்டி இந்த ஜன்னல்ல எடுப்பாத் தெரியுதே, பூப்போட்ட போர்வை, பார்த்துட்டா. இல்ல... பெட்டியைத் தாண்டி வருது கண்ணு. பெட்டிக்கு மேல.

வசு! வசும்மா! இங்க இருக்கேன்!

கேட்டீங்களா? கேட்டீங்களா, என்ன சொன்னான்னு? "அவசரப்படாம பார்த்து இறங்குங்கப்பா"ங்கறா. அம்மாகிட்ட சொல்லல, யார்கிட்டயும் சொல்லல, நேரா என்கிட்ட சொன்னா. கொஞ்சம் வழி விடுங்க தம்பி, காலை எடுங்க. பெட்டியா? அதை நீங்க தூக்கிட்டு வாங்க, நான் முன்னாடி போறேன்.